வழி விட்டிருக்கலாமாம்

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் நடந்ததை இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. முதல் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தபோது, "பெல்ஜியம் வீம்பு பிடிச்சுது, ஜெர்மன் படைக்கு வழி விட்டிருந்தா பிழைச்சிருக்கும்" என்று அண்ணன் சொன்னார். கூட்டமே தலையாட்டியது. அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

பெல்ஜியம் யாருடைய சண்டைக்கும் போகவில்லை அண்ணே. சண்டை அதன் வாசலுக்கு வந்தது. 1839 லண்டன் ஒப்பந்தத்தில் அதன் நடுநிலைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில், பெர்லினைத் தலைநகராகக் கொண்டு பின்னாளில் ஜெர்மனிக்குத் தலைமை தாங்கிய பிரஷ்யாவும் உண்டு. 1914 ஆகஸ்ட் 2 மாலை அதே பெர்லினிலிருந்துதான் ஓலை வந்தது: பிரான்சை அடிக்கப் போகிறோம், வழி விடு, 12 மணி நேரத்தில் பதில் சொல். நஷ்டஈடு தருவோம், முடிந்ததும் போய்விடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள். பிரெஞ்சு எல்லைக் கோட்டைகளைச் சுற்றிப் போக வாகான இடத்தில் இருந்ததைத் தவிர பெல்ஜியம் செய்த குற்றம் என்ன?

எங்கள் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர். இரண்டு பக்கமும் பெரிய நிலக்காரர்கள், அவர்களுக்குள் வாய்க்கால் தகராறு. தாத்தா யார் பக்கமும் சேரவில்லை. ஒருநாள் ஒருவர் வந்து "டிராக்டர் ஒரே ஒரு தடவை போகட்டும்யா" என்றார். விட்டார். பால் பிடித்திருந்த கதிர் மேல் சக்கரம் ஏறியது. மறுநாளே இன்னொருவர் "நீ அவன் ஆளுதானே" என்று எங்கள் மடையை அடைத்தார். அந்த வரப்பைக் காட்டும்போதெல்லாம் அம்மாவுக்குக் குரல் கம்மும்.

வழி விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தின் பக்கத்து நாடான லக்சம்பர்க் இருக்கிறது. 1867 முதல் நடுநிலை நாடு. அதே ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மன் படை நுழைந்தது. கண்டனம் தெரிவித்தார்கள், துப்பாக்கி தூக்கவில்லை. நாலு வருஷம் ஆக்கிரமிப்பு, பசி. போர் முடிந்ததும் ஜெர்மனிக்கு ஒத்துப்போனார் என்ற ஏச்சு தாங்காமல் நாட்டை ஆண்ட கோமகள் மரீ அடெலெய்ட் 1919 ஜனவரியில் முடி துறந்தார்.

1906இல் பெல்ஜியத்தார் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியோடு பேசினார்களே என்பீர்கள். பேசினார்கள். திருடன் வந்தால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவைத்தது குற்றமா? நெதர்லாந்து தப்பியதே என்பீர்கள். அந்த நாட்டு வழியே போக வேண்டாம் என்று போருக்கு முன்பே ஜெர்மன் தளபதி மோல்ட்கேதான் திட்டத்தை மாற்றினார். கடல் வழியாகச் சரக்கு வர ஒரு நடுநிலைத் துறைமுகம் அவருக்குத் தேவைப்பட்டது. தேவை தீர்ந்த பிறகு, 1940 மே 10 அன்று அங்கேயும் நுழைந்தார்கள். சுவிட்சர்லாந்துக்கு மலை இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது தவறு என்று ஜெர்மன் சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கே ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அடித்தவனே ஒப்புக்கொண்டதை, நூறு வருஷம் கழித்து நாம் ஏன் அடிபட்டவன் தலையில் கட்டுகிறோம்?

பெல்ஜியத்தின் லூவென் நூலகத்துக்கு ஜெர்மன் படை தீ வைத்ததில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எரிந்தன. அதே நாட்டின் தினாந்த் ஊரில் அந்தப் படை கொன்ற பொதுமக்கள் 674 பேர். அதில் மூன்று வாரக் குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தைக்கு என்ன வீம்பு அண்ணே?

அன்றைக்கு எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்வேன். அந்த வார்த்தையை நீங்கள் அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெற வேண்டும்.