சட்டம் வந்தது 1948-இல், படிப்பு அதற்கும் முன்பே

அண்ணே, உங்கள் பதிவில் "1948 ஃபார்மசி சட்டத்துக்கு முன்னாடி இந்தியாவுல ஃபார்மசி படிப்பே கிடையாது, எல்லாம் கம்பவுண்டர் வேலைதான், மதுரை மருத்துவக் கல்லூரி பி.ஃபார்ம் பட்டம் காமராசர் பல்கலைக்கழகம் கொடுக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

1948 சட்டம் மருந்தாளுநர் தொழிலை ஒழுங்குபடுத்த வந்தது: கவுன்சில், பதிவேடு, படிப்புக்கான விதிகள். படிப்பைத் தொடங்கி வைத்தவர் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் 1932-இல் மருந்து வேதியியலைப் பாடமாக்கி, 1937-இல் பி.ஃபார்ம் வரை கொண்டுவந்தார். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியிலோ 1860-லேயே மருந்து வகுப்புகள் நடந்தன, பட்டப்படிப்பாக இல்லாவிட்டாலும்.

படித்த மருந்தாளுநர் வேண்டும் என்ற குரலும் சுதந்திரத்துக்கு முந்தையதுதான். சந்தையில் போலி மருந்தும் தரம் கெட்ட மருந்தும் பெருகியதால் 1930-இல் கர்னல் ஆர்.என். சோப்ரா என்ற மருத்துவர் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மருந்தாளுநர் கல்வியையும் தொழிலையும் சீர்செய்யச் சொன்னது அந்தக் குழு. சட்டமே அதன் தொடர்ச்சிதான்.

அடுத்தது நம்ம ஊர் விஷயம். மதுரைப் பெரியாஸ்பத்திரியை ஒட்டிய மருத்துவக் கல்லூரியின் பி.ஃபார்ம் படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அந்தப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது 1988-இல். இங்கே சேர நினைக்கும் பிள்ளைகள் யாராவது உங்கள் பதிவை நம்பி காமராசர் பல்கலைக்கழக வாசலில் போய் நிற்கக் கூடாது. தயவுசெய்து திருத்திவிடுங்கள்.