அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை அழுத்து

எனக்கு இடது கை வேலை செய்யாது என்று தெரிந்ததும், கேம் ஆடும் நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை: "அப்போ செஸ், சீட்டு மாதிரி ஏதாவது ஆடலாமே!" நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதெல்லாமும் ஆடுகிறேன். 'ஸ்லே தி ஸ்பயர்' கேமை மவுஸ் ஒன்றை வைத்தே முழுதாக ஆடிவிடலாம். 'சிவிலைசேஷன்', 'இன்டு தி பிரீச்' போன்றவை நான் யோசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது ஓடி, தாவி, ஒளிந்து, சுட்டு ஆடுகிற ரகம். நரம்பு அடிபட்டது கைக்கு. ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது யோசனை: "ஈசி மோடில் வைத்து ஆடேன்." இதைக் கேட்டால்தான் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஈசி மோடு என்ன செய்யும்? எதிரி அடிக்கிற அடி குறையும், நம் உயிர் கொஞ்சம் நீளும், தோட்டா தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இந்த பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கட்டைவிரலால் அசைக்கிற குட்டி ஸ்டிக்கைத் தள்ளு, அப்படியே இன்னொரு பட்டனையும் தட்டு என்று கேம் கேட்பது ஈசியிலும் அதேதான், ஹார்டிலும் அதேதான். என்னைத் தடுப்பது கேமின் கஷ்டம் இல்லை, ஒரே நேரத்தில் மூன்று வேலை கேட்கிற அந்தப் பழக்கம். அதை எடுத்துவிட்டால் ஹார்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், நான் தோற்றுக்கொள்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது, இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரைப் பார்த்தாலே தெரியும். 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் கேம் பெட்டியில் இடது கட்டைவிரலுக்குத் திசை, வலது கட்டைவிரலுக்கு ஏ, பி என்று இரண்டு பட்டன். 1997-இல் பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் கன்ட்ரோலர் வந்தபோது கைக்கு ஒரு ஸ்டிக் ஆகிவிட்டது: இடதில் நட, வலதில் பார். மேலே தோளில் நான்கு பட்டன், ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் இன்னும் இரண்டு. அதிலிருந்து முப்பரிமாண கேம் என்றாலே நடப்பது ஒரு கையில், பார்ப்பது இன்னொரு கையில் என்று ஆகிவிட்டது. அதை யாரும் உட்கார்ந்து யோசித்து விதியாகப் போடவில்லை. எல்லோருக்கும் இரண்டு கை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான் பெரும்பாலும் கம்ப்யூட்டரில், மவுஸில் ஆடுகிறேன். எப்படி என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு இருக்கும் இரண்டு பட்டன்களில் முன்னால் இருப்பது முன்னே நடக்க, பின்னால் இருப்பது பின்னே நகர. சக்கரத்தை இடமும் வலமும் சாய்க்க முடிகிற மவுஸ் என்பதால் பக்கவாட்டில் நகர்வது அதில். சக்கரத்தை அழுத்தினால் தாவல், உருட்டினால் ஆயுதம் மாறும். சுடுவதும் குறிபார்ப்பதும் வழக்கம்போல இரண்டு கிளிக். கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? சிக்கல் எங்கே என்றால், முன்னே ஓட வேண்டுமானால் கட்டைவிரல் அந்த பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்துகிற விரலோடு சேர்த்து மொத்தக் கையும் இறுகுகிறது. இறுகின கையால் நிதானமாகக் குறிபார்க்க முடியாது. எதிரி தலைக்கு மேலே சுவரைச் சுட்டுக்கொண்டிருப்பேன்.

இதே கேமில் 'தானாக ஓடு' என்று ஒரு வசதி இருந்தால்? ஒரு தட்டு தட்டினால் ஓடும், இன்னொரு தட்டில் நிற்கும். கட்டைவிரல் விடுதலை, கை தளர்கிறது, குறி சரியாக விழுகிறது. கேமின் ஒரு எதிரியைக்கூட யாரும் பலவீனமாக்கவில்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் மவுஸின் இரண்டு கிளிக்கையும் சேர்த்து அழுத்தினால் ஆள் முன்னே நடப்பான். 2004-இல் வந்த கேம் அது! பிறகு வந்த எத்தனையோ பெரிய கேம்களில் இந்தச் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு வில்லன் படபடவென்று தட்டச் சொல்கிற காட்சிகள். கதவைத் திறக்க, கழுத்தைப் பிடித்த எதிரியை உதற, ஒரே பட்டனை வேக வேகமாகத் தட்டு என்பார்கள். இரண்டு கைக்காரருக்கு இது சும்மா ஒரு பரபரப்பு. எனக்கு இருப்பது ஒரே மணிக்கட்டு. சாப்பிடுவதும் எழுதுவதும் சட்டை பட்டன் போடுவதும் வேலைக்கு டைப் அடிப்பதும் எல்லாம் இதுதான். ஒரு கதவைத் திறக்கப் போய் அதில் சுளுக்கு வந்தால் மறுநாள் பல் தேய்க்க யாரைக் கூப்பிடுவது? ஒரு கையால் ஆடுகிறவர்கள் வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவதை வீரம் என்று யாராவது பாராட்டினால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வலிக்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். கேம் எங்கும் போகாது.

சரி, இதற்கென்று தனிக் கருவிகள் வந்துவிட்டனவே என்பீர்கள். வந்திருக்கின்றன, நல்லவையும்கூட. 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு பெரிய பட்டன்கள், பின்பக்கம் வரிசையாக 19 துளைகள். கால் பெடலோ தனி பட்டனோ எதை வேண்டுமானாலும் செருகலாம். பெட்டியைக்கூடப் பல்லைக் கடித்துக் கிழிக்கத் தேவையில்லாமல், வளையத்தைப் பிடித்து இழுத்தால் திறக்கிற மாதிரி செய்திருந்தார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரியும். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனின் ஆக்சஸ் கன்ட்ரோலர் வந்தது. வட்டமாக, மேசைமேல் கிடக்கும், கையில் பிடிக்கவே வேண்டாம்.

ஆனாலும் கருவி இரண்டாவதுதான், செட்டிங்ஸ் பக்கம்தான் முதல் என்பேன். கருவிக்குப் பணம் வேண்டும், செருகுகிற பட்டன்களையும் பெடலையும் தனியாக வாங்க வேண்டும், வைக்க இடம் வேண்டும். இவ்வளவும் வாங்கி வைத்த பிறகும் கேம் 'அழுத்திப் பிடி' என்றால் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் ஒரு வரி இருந்தால் அது எல்லோருக்கும் சும்மா கிடைக்கும். கை முறிந்து கட்டுப் போட்டவருக்கும், ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமில் வலது கை மட்டும், இடது கை மட்டும் என்று தயார் நிலையிலேயே பட்டன் அமைப்புகள் உண்டு. அழுத்திப் பிடிப்பதைத் தட்டலாக மாற்றலாம், படபடவென்று தட்டுவதைப் பிடிப்பதாக மாற்றலாம். கதையின் இறுக்கம் ஒரு துளி குறையவில்லை. தாவித் தாவி மலையேறுகிற 'செலஸ்டே'யில் கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம். அதே தாவல்கள்தான், அதே முட்கள்தான், என் விரல் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர மட்டும் நேரம் கிடைக்கும்.

கன்சோல் என்கிற கேம் பெட்டியிலேயே பட்டனை மாற்றும் வசதி பிளேஸ்டேஷன் 4-க்கு 2015-இலும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2020-இலும் வந்தது. ஆபத்துக்கு உதவும். ஆனால் அப்படி மாற்றினது கேமுக்குத் தெரியாது. திரையில் 'சதுரம் போட்ட பட்டனை அழுத்து' என்று வரும், என் கன்ட்ரோலரில் சதுரத்தின் வேலையை வேறொன்று செய்துகொண்டிருக்கும். அந்த மொழிபெயர்ப்பை மண்டைக்குள் ஓட்டுவதற்குள் ஆள் செத்திருப்பான். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இருக்கும் கன்ட்ரோலர் அமைப்பு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒரே பட்டனுக்குத் தட்டினால் ஒன்று, நீளமாக அழுத்தினால் ஒன்று, இரண்டு முறை தட்டினால் ஒன்று என்று வைக்கலாம்.

(விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் நடுவே வந்து குதிக்கிற 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டியைத் திட்டாத கேமர் இல்லை. ஷிஃப்ட் மாதிரி பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு தட்டில் முடிக்க, அது எங்களுக்காகப் போட்டது. மன்னிக்கவும்.)

எக்ஸ்பாக்ஸில் 2017-இலிருந்து இருக்கும் கோபைலட் வசதியில் இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆளை இரண்டு பேர் ஆட்டலாம். அக்கா மகன் கால், நான் கண்ணும் துப்பாக்கியும். அவன் எனக்கு எதிரி இருக்கும் பக்கம் ஓடவே மாட்டான், பளபளக்கிற பெட்டி எங்கே தெரிந்தாலும் அங்கே ஓடுவான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனாலும் தனியாக ஆட வேண்டும் என்ற ஆசைக்கு இது பதில் ஆகாது.

ஆன்லைன் போட்டி என்று வந்தால் "இதெல்லாம் ஏமாற்று இல்லையா?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். என் கணக்கு இது: ஒரு அழுத்தலுக்கு ஒரு செயல் என்பதுவரை நியாயம். பட்டனை இடம் மாற்றுவது, பிடிப்பதைத் தட்டலாக்குவது, தானாக ஓடவிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரே அழுத்தலில் ஐந்து வித்தையைச் செய்யும் மேக்ரோவோ, குறியைத் தானே இழுத்துப் பிடிக்கும் மென்பொருளோ தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்தில் எனக்கும் வேண்டாம், கை வேலை செய்யாததைக் காரணம் காட்டியும் வேண்டாம். தனியாக ஆடும் கேமில் நான் என்ன வைத்து ஆடினால் யாருக்கு என்ன?

வாங்கும்முன் தெரிந்துகொள்வது இன்னும் பெரும்பாடு. எக்ஸ்பாக்ஸ் கடையில் 2021 முதல் 'பட்டனை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை', 'ஒரே ஸ்டிக்கில் ஆடலாம்' என்ற பொருளில் குறிச்சொற்கள் போடுகிறார்கள். எனக்கு வேண்டியது அச்சு அசல் அதேதான். ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்க 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். அதில் பாதி நேரம் எனக்கு பட்டன்களை அமைப்பதிலேயே போய்விடும். அதனால் பெரும்பாலும் யூடியூபில் யாராவது செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்களா என்று தேடுகிறேன்.

ரிவ்யூ போடும் தம்பி தங்கைகளே, கிராபிக்ஸ் பக்கத்தில் நிழலையும் புல்லையும் அவ்வளவு நேரம் காட்டுகிறீர்கள். அப்புறம் கன்ட்ரோல்ஸ் பக்கத்தையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை, படிக்கிற வேகத்தில் உருட்டிக் காட்டிவிடுங்கள். பேசக்கூட வேண்டாம், நாங்கள் நிறுத்தி வைத்துப் படித்துக்கொள்கிறோம்.