ஈடிபஸின் அப்பாவை யாரும் கேட்பதில்லை

ஈடிபஸ் என்றதும் எல்லோருக்கும் ஒரே வரிதான் நினைவுக்கு வரும்: அப்பாவைக் கொன்றவன், அம்மாவை மணந்தவன். மனசைப் பேச வைத்தே ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் ஃப்ராய்ட் புண்ணியத்தில் கதையைப் படிக்காதவர்களுக்கும் இது தெரியும். ஆனால் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தைப் பொறுமையாகப் படித்தால் எனக்கு வேறொருவர் மேல்தான் கோபம் வருகிறது. ஈடிபஸைப் பெற்றவர், தீப்ஸ் நகரத்து ராஜா லாயஸ்.

மகன் கையால்தான் உனக்குச் சாவு என்று குறி சொல்லிவிட்டது. பிள்ளை பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. இரண்டு கணுக்காலையும் துளைத்துப் பிணைத்து, ஆள் போகாத மலையில் போட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். (இதில் அம்மா ஜொகாஸ்டாவுக்கும் பங்கு உண்டு.) இடையன் ஒருவன் மனசு கேட்காமல் இன்னொருவனிடம் கொடுக்க, பிள்ளை கொரிந்த் அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்த பிறகு அதே குறி அவன் காதிலும் விழுகிறது. என்ன செய்தான்? வளர்த்தவரையே பெற்றவர் என்று நம்பி, தன்னால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஊரைவிட்டே போகிறான். வழியில் ஒரு முச்சந்தி. எதிரே வண்டியில் ஒரு பெரியவர். ஒதுங்கச் சொல்லித் தள்ளுகிறார்கள், இவன் வண்டிக்காரனை அடிக்கிறான், பெரியவர் சமயம் பார்த்துத் தார்க்குச்சியால் இவன் மண்டையிலேயே போடுகிறார். அப்புறம் நடந்ததைத்தான் உலகம் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆக, மகன் அப்பா மேல் கை வைப்பதற்கு முன்னால் அப்பா இரண்டு முறை கை வைத்துவிட்டார். அதில் முதல் முறை மகன் தொட்டில் பிள்ளை. இவ்வளவு தெளிவாக இருப்பது ஃப்ராய்டின் கண்ணில் படாமலா போயிருக்கும்?

அவருடைய வாழ்க்கையில் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1896 ஏப்ரலில் வியன்னா மருத்துவர்கள் முன் ஓர் உரை வாசிக்கிறார். ஹிஸ்டீரியா (உடலில் காரணம் தெரியாமல் வலிப்பு, முடக்கம் என்று வரும் நோய்) நோயாளிகள் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறார். 18 பேரைப் பார்த்துச் சொன்னது. கூட்டத்தில் இருந்த மனநல மருத்துவர் கிராஃப்ட் எபிங், அறிவியல் பெயரில் சொல்லப்படும் தேவதைக் கதை என்று தள்ளிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ராய்டின் அப்பா யாக்கோப் இறக்கிறார். 1897 செப்டம்பர் 21 அன்று நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கொள்கையைக் கைவிடுகிறார். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இது உண்மையானால் எல்லா வீட்டிலும் அப்பாவைக் குற்றவாளியாக்க வேண்டும், என் அப்பா உட்பட. அக்டோபர் 15 கடிதத்தில் ஈடிபஸ் வந்துவிடுகிறான்: அம்மா மேல் ஆசையும் அப்பா மேல் பொறாமையும் சிறுவயதில் எல்லோருக்கும் உண்டு என்கிறார். இடையில் 24 நாள். குற்றம் அப்பாவிடமிருந்து பிள்ளையின் ஆசைக்கு இடம் மாறிவிட்டது.

இதை முன்பே பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வேறு காரணங்களும் இருந்தன, சிகிச்சை அவர் நினைத்தபடி முடியவில்லை என்பது உட்பட. எனக்கு உறுத்துவது கனவு பற்றிய அவருடைய புத்தகத்தில் வருகிற தொப்பிக் கதை. யாக்கோப் இளைஞராக இருந்தபோது புதுத் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் போகிறார். எதிரே வந்த ஒருவன் தொப்பியைச் சேற்றில் தட்டிவிட்டு, யூதனே, நடைபாதையைவிட்டு இறங்கு என்கிறான். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறான் சிறுவன் ஃப்ராய்ட். தெருவில் இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன் என்கிறார் அப்பா. மகனால் அதைத் தாங்க முடியவில்லை. வழிவிடச் சொன்னபோது வழிவிடாத ஒருவனின் கதை பின்னாளில் அவரை அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். என் ஊகம்தான்.

நம் பக்கம் வந்தால் மறைக்கவே தேவையில்லை. 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஈடிபஸ் கொள்கையை அப்படியே ஏற்க முடியாது என்று ஃப்ராய்டுக்கே எழுதினார். இந்தியக் கதைகளில் வன்முறை அப்பாவிடமிருந்துதான் மகனை நோக்கிப் பாய்கிறது என்று கவிஞரும் நாட்டார் கதை ஆய்வாளருமான ஏ.கே.ராமானுஜன் பிறகு விரிவாகவே எழுதினார். மகாபாரதத்து ராஜா யயாதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கிரர் சாபத்தால் கிழவனாகிவிட்டார், ஆசை தீரவில்லை. மகன்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் இளமையைக் கேட்கிறார். மாட்டேன் என்ற நான்கு பேருக்கும் சாபம். கடைசி மகன் புரு சரி என்கிறான், அவனுக்கு ராஜ்யம். சந்தனுவுக்குக் கல்யாணம் நடக்க பீஷ்மர் தன் கல்யாணத்தை விட்டார். திருச்செங்காட்டங்குடியில், அடியார் வேடத்தில் வந்த சிவன் கேட்ட கறிக்காகச் சிறுத்தொண்டர் தன் மகன் சீராளனை அறுக்கிறார், தாய் பிடித்துக்கொள்கிறாள். பக்தி, தியாகம், எல்லாம் சரி. சீராளனைக் கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. கடைசியில் பிள்ளை உயிரோடு ஓடி வந்துவிடுவதால் கேள்வியும் அடங்கிவிடுகிறது.

கிரேக்கத்தில் மகன் குற்றவாளி, இங்கே மகன் உத்தமன். இரண்டிலும் அப்பா தப்பித்துவிடுகிறார். அப்பாவின் ஆசைக்காக இன்ஜினியரிங் சேர்ந்த பையனை நாம் பொறுப்பான பிள்ளை என்கிறோம். மாட்டேன் என்றவனைப் பற்றி நம் சொந்தக்காரர்கள் பேசுவது யயாதியின் சாபத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

ஃப்ராய்டின் கடைசி மகள் ஆனா. 1918இல் தொடங்கி அவளை அவரே உளப்பகுப்பாய்வு செய்தார். இன்றைக்கு எந்த மருத்துவரும் சொந்த மகளுக்கு அதைச் செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு வாயில் புற்றுநோய் வந்த பிறகு, 1939இல் லண்டனில் அவர் இறக்கும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். குழந்தைகள் உளவியலில் ஆனா தனியாகப் பெரிய பெயர் எடுத்தவர், அதையும் சொல்லவேண்டும். மகளை ஃப்ராய்ட் 'என் ஆண்டிகனி' என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆண்டிகனி, கண்ணிழந்த ஈடிபஸைக் கைபிடித்து ஊர் ஊராக அழைத்துப்போன மகள். தன்னை ஈடிபஸாகப் பார்க்க அவருக்குத் தயக்கமில்லை. யயாதியாகப் பார்த்திருப்பாரா, தெரியாது.