34 என்றால் எத்தனை அங்குலம், யாராவது சொல்லுங்களேன்

நேற்று ஒரு ட்ரையல் ரூமுக்குள் மூன்று பேண்டுகளோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். மூன்றிலும் இடுப்பளவு 34 என்றுதான் போட்டிருந்தது. முதலாவது தொடையைத் தாண்டி மேலே ஏற மறுத்தது. இரண்டாவது ஏறியது, பட்டனும் போட முடிந்தது, ஆனால் அதோடு உட்கார்ந்தால் பட்டன் தெறித்து எதிரே இருப்பவர் கண்ணைப் பதம் பார்க்கும். மூன்றாவதைப் போட்டுக் கையை எடுத்தேன், தானாகத் தரைக்கு இறங்கிவிட்டது. எனக்கு இருப்பது ஒரே இடுப்பு. முக்கால் மணி நேரத்தில் அது மூன்று தடவை உருமாறியிருக்காது. அப்படியென்றால் பொய் சொல்வது யார்?

வெளியே நின்ற தம்பியிடம் கேட்டேன். "பிராண்டுக்கு பிராண்ட் ஃபிட்டிங் மாறும்ணா" என்றார், மழை பெய்தால் நனையும் என்பதைப் போல. லிட்டருக்கு லிட்டர் அளவு மாறும் என்று பெட்ரோல் பங்கில் சொன்னால் விடுவோமா? அங்குலம் என்றால் 2.54 சென்டிமீட்டர். அதற்குள் ஃபிட்டிங் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்து ஆத்திரம் தாங்காமல் டேப்பை எடுத்து, அலமாரியில் இருக்கும் பேண்டுகளை எல்லாம் தரையில் விரித்து அளந்தேன். எல்லாமே 34. அளவெடுத்தால் முப்பத்து மூன்றரையிலிருந்து முப்பத்தேழு வரை விதவிதமாக வந்தது. இது என் தலையெழுத்து மட்டும் இல்லை. 2010இல் ஓர் அமெரிக்க இதழுக்காக ஒருவர், இடுப்பளவு 36 என்று போட்ட பேண்டுகளைக் கடை கடையாகப் போய் அளந்திருக்கிறார். அதில் ஒன்று 41 அங்குலம் இருந்தது! வேனிட்டி சைஸிங் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வாங்குபவர் "பரவாயில்லையே, இன்னும் அதே சைஸில்தான் இருக்கிறேன்" என்று மனம் குளிர்ந்து பணத்தை எடுத்து வைக்க வேண்டும். அதற்காக எண்ணைக் குறைத்துப் போடுகிறார்கள்.

சட்டையில் இன்னொரு கூத்து. 40 என்று போட்டிருந்தால் ஃபார்மல் சட்டையில் பெரும்பாலும் அது கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். பக்கத்து ரேக்கில் தொங்கும் கேஷுவல் சட்டையில் அதே 40 மார்பளவாக இருக்கும், அங்குலத்தில். எது எந்தக் கணக்கு என்று லேபிளில் எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

பெண்கள் உடுப்பில் அங்குலம் என்ற பேச்சே பல இடங்களில் இல்லை. 8, 10, 12 என்று ஏதோ ராசி எண்கள் மாதிரி இருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1939-40இல் அமெரிக்க அரசு ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் என்று எடுத்துத் தள்ளியது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது தனிக் கொடுமை. அந்தத் தரவை அடிப்படையாக வைத்து 1958இல் ஓர் அளவுத் தரநிலை வந்தது. அதையும் கடைப்பிடிக்க ஆளில்லாமல் 1983இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரவர் வைத்ததுதான் சட்டம். (என் தங்கைக்கு சைஸ் கூட இரண்டாம் பட்சம். பேண்டில் பாக்கெட் மாதிரி தைத்து, உள்ளே பையே வைக்காமல் விடுகிறார்களே, அவர்களை முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும் என்கிறாள். நியாயம்தான்.)

சரி, நான் எதற்காக இந்தப் பாடு படுகிறேன்? அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. "பிசினஸ் கேஷுவல்" உடையில் வர வேண்டுமாம். கோட் சூட் என்று சொன்னால் புரியும். யூனிஃபார்ம் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். இது என்ன, பாதி விறைப்பு பாதி தளர்வு? ஜீன்ஸ் கூடாது, ஆனால் கருநீலமாக இருந்தால் கூடும். டி-ஷர்ட் கூடாது, காலர் வைத்திருந்தால் கூடும். காலர் வைத்திருந்தும் சிலருக்குக் கூடாது.

இந்த வழக்கம் பரவிய கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1992இல் டாக்கர்ஸ் என்ற பிராண்டில் பேண்டுகளை விற்றுக்கொண்டிருந்த லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம், அலுவலகத்துக்கு கேஷுவலாக எப்படி உடுத்துவது என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை அச்சடித்து, அமெரிக்கா முழுக்க சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. ஆக, எனக்கு மெயில் போடுகிறவர்களின் முன்னோர்களுக்குப் பாடம் எடுத்தது பேண்ட் வியாபாரி!

இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கோட் போட்டால் உள்ளே இருக்கும் சட்டை தொளதொள என்றிருந்தாலும் யாருக்கும் தெரியாது. பிசினஸ் கேஷுவலில் மறைக்க ஒன்றுமே இல்லை. ஒரு சட்டை, ஒரு பேண்ட், அவ்வளவுதான். தோள் தையல் புஜத்துக்கு இறங்கியிருப்பதும், டக்-இன் செய்ததும் இடுப்பைச் சுற்றி பலூன் ஊதுவதும், பேண்ட் கால் ஷூ மேல் நான்கு மடிப்பாக விழுவதும் அப்படியே வெட்ட வெளிச்சம். தளர்வான உடை என்று பெயர், ஆனால் அளவு துளி பிசகக் கூடாது.

உடனே ஒருவர் வந்து, "விலை முக்கியமில்லைங்க, ஃபிட்டிங்தான் முக்கியம்" என்று அருள்வாக்கு சொல்வார். ஐயா, விலை குறைந்த சட்டையில் கிடைக்காததே அந்த ஃபிட்டிங்தானே! நல்ல ஃபார்மல் சட்டையில் கழுத்துக்கு ஓர் அளவு, கைக்கு ஓர் அளவு என்று தனித்தனியாகக் கிடைக்கும். மலிவுச் சட்டையில் ஸ்மால், மீடியம், லார்ஜ். முடிந்தது. ஒரு மாடல் உடம்புக்கு வெட்டிய பேட்டர்னை அப்படியே எல்லாப் பக்கமும் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். வயிறு பெருத்தவனுக்குக் கையும் நீண்டிருக்கும், கழுத்தும் தடித்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. என் விஷயத்தில் வயிறு மட்டும்தான் முன்னேறியிருக்கிறது. தோள் கல்லூரிக் காலத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நான் மீடியமா லார்ஜா?

ஸ்லிம் ஃபிட் எடு என்பார்கள். எடுத்தேன். நின்றால் சரி. கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் பேண்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது, உட்கார்ந்தால் பட்டன்களுக்கு நடுவே ஜன்னல் திறக்கிறது. ஷோரூம் பொம்மைக்கு மட்டும் எப்படி அம்சமாகப் பொருந்துகிறது என்று ஒருநாள் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முதுகில் வரிசையாகக் கிளிப்!

பிறகு ஆல்டரேஷன். வாங்கிய சட்டையைத் தூக்கிக்கொண்டு டெய்லரிடம் போனால், பிடிக்கச் சொல்லும் இடங்களுக்கெல்லாம் கூலியைக் கூட்டிப் பார்த்தால் சட்டை விலையைத் தொட்டு நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டெய்லரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒருவர்தான் இந்த விவகாரத்தில் உண்மை பேசுகிற ஆள். "சைடு பிடிக்கலாம் சார், முதுகுல டார்ட் மடிப்பு வச்சு இறுக்கலாம், கை நீளம் குறைக்கலாம், பேண்ட் இடுப்பு கொஞ்சம் உள்ள வாங்கலாம், கீழ மடிச்சு அடிக்கலாம். தோள் மட்டும் கேக்காதீங்க. கையை முழுசாப் பிரிக்கணும்" என்றார். லூசாக்க முடியுமா என்று கேட்டேன். சட்டையை உள்புறம் திருப்பிக் காட்டினார். தையலுக்கு அப்பால் கால் அங்குலத் துணி கூட இல்லை, ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருந்தது. மலிவு எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு நான் இரண்டு கிலோ ஏறினால் பிரித்து விட உள்ளே துணியே இல்லை. புதிதாக வாங்க வேண்டியதுதான்.

அவர் சொன்ன பிறகுதான் தோளை முதலில் பார்க்கப் பழகினேன். தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார்ந்தால் மட்டுமே மற்றதைப் பார்ப்பது, இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் ரேக்கிலேயே மாட்டிவிடுவது. என்னிடம் நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று உண்டு. அதைத் தரையில் விரித்து தோள், மார்பு, கை, உயரம் நான்கையும் அளந்து போனில் எழுதி வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கும்போது சைஸ் சார்ட்டில் இருப்பது உடம்பின் அளவா துணியின் அளவா என்று தேடிப் படிக்கிறேன். முக்கால்வாசிப் பேர் அதையும் சொல்வதில்லை. அப்புறம், துவைக்காமல் டெய்லரிடம் கொண்டு போவதே இல்லை. ஒருமுறை புதுப் பருத்திச் சட்டையைக் கச்சிதமாகப் பிடித்து வாங்கி வந்து, முதல் சலவையில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிய சோகம் போதும். துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் சான்ஃபோரைசிங் முறை 1930களிலேயே வந்துவிட்டது, தெரியுமா? இத்தனை வருடம் கழித்து என் சட்டை சுருங்குகிறது.

எண்ணிக்கையையும் குறைத்துவிட்டேன். மூன்று சட்டை, இரண்டு பேண்ட், எதை எதோடு போட்டாலும் ஒத்துப்போகும் நிறங்கள். தள்ளுபடியில் எட்டு வாங்கி எட்டும் பொருந்தாமல் அலமாரியில் தூங்கியதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கோபம் போகவில்லை. ஒரு பேண்ட் வாங்குவதற்கு நான் ஏன் நில அளவையர் வேலை பார்க்க வேண்டும்?

அந்த மூன்றாவது பேண்டை, அதான் தரைக்கு இறங்கியதை, துணி நன்றாக இருந்ததால் வாங்கி வந்துவிட்டேன். இன்று காலை டெய்லரிடம் கொடுத்து, இடுப்பை உள்ளே வாங்கச் சொன்னேன். என் சைஸ் 34, இவர்கள் லேபிளில் 34 என்று போட்டுவிட்டு 37 வைத்துத் தைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அங்கேயும் ஒரு பாட்டம் கத்தினேன். அவர் லேபிளைப் பார்க்கவே இல்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்.

"முப்பத்தஞ்சே கால் சார்."

இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மூச்சை விடுங்க சார்" என்றார். விட்டேன். முப்பத்தைந்தரை.