பிளீசியோசாரை அன்னப்பறவையாக வரையாதீர்கள்

குழந்தைகளுக்கான டைனோசார் புத்தகங்களில் கடலைப் பற்றிய பக்கத்தைப் புரட்டினால், அலைகளுக்கு மேலே அன்னத்தைப் போலக் கழுத்தை நிமிர்த்தி நிற்கும் ஒரு விலங்கைப் பெரும்பாலும் காணலாம். பிளீசியோசார் எனப்படும் அது டைனோசார் அன்று. டைனோசார்கள் வாழ்ந்த காலத்தில் கடலில் வாழ்ந்த வேறொரு ஊர்வனக் கிளையைச் சேர்ந்தது. அந்தப் பிழையை ஒரு வரியில் திருத்திவிடலாம். என்னை உண்மையாகவே வருத்துவது அந்த நிமிர்ந்த கழுத்துதான், ஏனெனில் அதன் எலும்புகள் சொல்வதைக் கேட்காமல், நமக்குத் தெரிந்த விலங்குகளைக் கொண்டே அந்தக் கழுத்தை நாம் தொடக்கத்திலிருந்து அளந்து வந்திருக்கிறோம்.

1823 டிசம்பரில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடலோரப் பாறைகளிலிருந்து புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆன்னிங் ஏறத்தாழ முழுமையான பிளீசியோசார் எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தபோது, அதன் வரைபடத்தைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் கூவியே, இத்தனை நீளமான கழுத்து இயற்கையில் இருக்காது, வெவ்வேறு விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்திருக்கக்கூடும் என்று ஐயுற்றார். 1824 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் கழகத்தில் அதைப் பற்றி விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. பின்னர் கூவியேயும் ஏற்றுக்கொண்டார். அந்த அவையில் அதை விவரித்த நிலவியலாளர் கோனிபியர், ஆன்னிங்கின் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய அநீதி.

அடுத்த பிழை அமெரிக்காவில் நேர்ந்தது. கான்சாஸில் கிடைத்த எலாஸ்மோசாரஸ் என்னும் நீண்ட கழுத்துப் பிளீசியோசாரின் எலும்புகளை 1868-இல் ஆராய்ந்த எட்வர்ட் டிரிங்கர் கோப், கழுத்தை வால் என்று கருதி, தலையை மறுமுனையில் பொருத்திவிட்டார். பல்லியையும் முதலையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நீளமாக இருப்பது வாலாகத்தானே தோன்றும்! 1870-இல் மற்றோர் ஆய்வாளரான ஜோசஃப் லெய்டி தவறைச் சுட்டிக்காட்டியதும், தம் ஆய்வுக் கட்டுரையின் அச்சிட்ட பிரதிகளைத் திரும்பப் பெற கோப் முயன்றார்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இருப்பவை 7 எலும்புகளே. எலாஸ்மோசாரஸுக்கு 72, 2012-இல் பெயரிடப்பட்ட அதன் உறவினமான ஆல்பர்ட்டோனெக்டஸுக்கு 76. எண்ணிக்கையைக் கண்டு அந்தக் கழுத்து பாம்பைப் போல வளையும் என எண்ணிவிடக் கூடாது. அடுத்தடுத்த எலும்புகள் தட்டையான முகங்களுடன் நெருங்கிப் பொருந்தியிருப்பதால், ஒவ்வொரு மூட்டிலும் சிறிதளவு அசைவே சாத்தியம். மேலும், நீரில் மிதக்கும் உடலுக்குக் காலூன்ற நிலம் இல்லை. பல மீட்டர் நீளமுள்ள கனமான கழுத்தை நீருக்கு வெளியே உயர்த்த முயன்றால், கழுத்து உயர்வதற்குப் பதிலாக உடலின் முன்பகுதியே நீருக்குள் அமிழும்.

இருந்தும் நிமிர்ந்த கழுத்து மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்ததற்கு ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் மர்ம விலங்கினுடையது என்று 1934-இல் வெளிவந்த புகைப்படம் ஒரு பெரிய காரணம். பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையும் கழுத்தும் செய்து வைத்து எடுத்த படம் அது என்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் வெளிப்பட்டது. ஆயினும் ஓவியர்கள் அந்தத் தோற்றத்தை இன்னும் விட்டபாடில்லை.

எலும்புகள் காட்டும் வாழ்க்கையோ இதைவிடச் சுவையானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த எலாஸ்மோசார் வகைப் புதைபடிவங்களின் வயிற்றுப் பகுதியில் சிப்பி, நத்தை, ஓட்டுமீன் ஆகியவற்றின் எச்சங்கள் இருந்ததை 2005-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவை மீன்களை மட்டும் துரத்தவில்லை, கடலடியிலும் இரை பொறுக்கியிருக்கின்றன; உடல் மேலே மிதந்திருக்க, கழுத்து கீழ்நோக்கித் தாழ்ந்து தரையைத் துழாவியிருக்க வேண்டும் என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். தமிழில் சிறுவர் அறிவியல் நூல்களை வெளியிடுவோர் அடுத்த பதிப்பிலாவது பழைய படத்தை நீக்கிவிட்டு, உடலுக்கு நேராக நீண்டு சற்றே கீழ்நோக்கிச் சாயும் கழுத்தை வரையச் சொல்ல வேண்டுமென உளமார வேண்டுகிறேன்.