கேட்கக் கூடாத கேள்வி

எனக்கு அப்போது 19 வயது. கத்தோலிக்கக் கோயிலில், செய்த பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, சொல்ல வேண்டியதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது: "கூட இருந்தவன் யார்?" சொல்லிவிட்டேன். அவன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். மாதாவை நோக்கிச் சொல்லும் 'அருள் நிறைந்த' மந்திரம் மூன்று முறை சொல்லும்படி அபராதம் கொடுத்து, பாவமன்னிப்பும் வழங்கினார். என் பாவம் தீர்ந்தது. அதற்கடுத்த ஞாயிறுகளிலோ, முன்வரிசையில் நின்று உரக்கப் பாடும் அந்த நண்பனின் பிடரியைப் பார்த்துக்கொண்டேதான் பூசை கண்டேன்.

அந்தக் குருவானவர் யார் என்று எழுத மாட்டேன். பாவசங்கீர்த்தன முத்திரை, அதாவது அங்கே கேட்டதை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு, அவர் வாயைத்தான் கட்டுகிறது. நான் எதைச் சொன்னாலும் அவரால் மறுத்துப் பேச முடியாது.

பல ஆண்டுகள் கழித்து, 1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டியபோது 979ஆம் சட்டத்தில் கண் நிலைகுத்தியது. கேள்வி கேட்பதில் குரு விவேகத்தோடு நடக்க வேண்டும், எதிரில் இருப்பவரின் வயதையும் நிலையையும் பார்க்க வேண்டும், பாவத்தில் உடந்தையாக இருந்தவரின் பெயரைக் கேட்கவே கூடாது. பதில் சொல்வது என் கடமை என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் கடமைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நம்மைக் காக்கும் சட்டங்கள் இருப்பதாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

கடமையையாவது சரியாகச் சொன்னார்களா? 'ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம்' என்பது 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) விதித்தது. இன்றைய 989ஆம் சட்டம் அதைச் சாவான பாவங்களுக்கென்றே, அதாவது கனமான பாவங்களுக்கென்றே வைத்திருக்கிறது. அற்பப் பாவங்களையும் சொல்வது நல்லது என்று 988 பரிந்துரைக்கிறது, அவ்வளவே. மருமகளிடம் முகம் சுளித்ததற்காக, பாஸ்கா எனும் ஈஸ்டருக்கு முன் சொல்லியே தீர வேண்டும் என்று நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் பாட்டிகளிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம். (சொன்னாலும் அவர்கள் நிற்பார்கள். அது வேறு விஷயம்.)

சட்டம் எல்லாவற்றிலும் தளர்வானது என்று சொல்ல வரவில்லை. சாவான பாவமென்றால் இன்ன பாவம், இத்தனை முறை என்று சொல்லியாக வேண்டும். "பல தவறுகள் செய்தேன், ஃபாதர்" என்று நழுவ முடியாது. நன்றாக ஆராய்ந்து பார்த்தும் நினைவுக்கு வராததற்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெருங்கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் பொதுப் பாவமன்னிப்பும் மரண ஆபத்து, கடும் தேவை ஆகியவற்றுக்குத்தான். அதைப் பெற்றவரும் தம் சாவான பாவங்களைப் பின்னர் தனியாகச் சொல்லக் கடமைப்பட்டவர்.

குருவானவர் இரகசியத்தை வெளியிட மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நிற்பவர் காதில் ஏதேனும் விழுந்துவிட்டால் அவருக்கும் இரகசியக் கடமை உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. அதைவிட என்னை வியக்க வைத்தது 984. கோயில் கணக்கைப் பார்ப்பவர், காணிக்கையில் கைவைத்ததாகப் பங்குத்தந்தையிடமே பாவசங்கீர்த்தனம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைக் காரணமாகக் கொண்டு பெட்டிச் சாவியை அவரிடமிருந்து வாங்கக்கூட முடியாது. கேட்டதை வெளியிடும் ஆபத்து துளியும் இல்லாவிட்டாலும், சொன்னவருக்குப் பாதகமாக அதைப் பயன்படுத்தத் தடை.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் மக்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்கிறார் நண்பர் ஒருவர். போகட்டுமே! பயத்தால்தான் நான் 11 ஆண்டுகள் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

திரும்பப் போனதும் 991ஐப் படித்த தைரியத்தில்தான். விரும்பிய குருவிடம், கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவரானாலும் போகலாம் என்கிறது அது. எனக்கு அறிமுகமில்லாத வயதான குரு ஒருவரிடம் போனேன். மற்றவற்றைச் சொல்லிவிட்டு, "ஒருமுறை இதே இடத்தில் என் நண்பனைக் காட்டிக்கொடுத்தேன், ஃபாதர். அவன் பெயர்..." என்று தொடங்கினேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கை சட்டென்று உயர்ந்தது. "பெயர் வேண்டாம், தம்பி. மேலே சொல்லுங்கள்."