நியாயமான தேய்மானம்

(கோத்தகிரி. மத்தியானம் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. வாசலில் மாமாவின் பழைய ஜீப் நிற்கிறது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருப்பதால் நிற்கிறது. கோவையில் வேலை பார்க்கும் மருமகன் சனிக்கிழமை என்பதால் வந்திருக்கிறான்.)

மருமகன்: மாமா, கார் எடுக்கப் போகிறேன். லீஸுக்கு.

மாமா: நல்ல புத்தி. எவ்வளவு கேட்கிறான், ஐந்து லட்சமா?

மருமகன்: மொத்தமாக ஒன்றும் கட்ட வேண்டாம். மாதம் 24,000. நான்கு வருடம்.

மாமா: நான்கு வருடம் கழித்து அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

மருமகன்: வராது மாமா.

மாமா: பிறகு அது என்ன லீஸ்? உன் அக்கா குன்னூரில் ஆறு லட்சம் கொடுத்து வீடு லீஸுக்கு எடுத்தாள். மூன்று வருடம் வாடகையே கிடையாது. காலி செய்த அன்று ஆறு லட்சத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு வந்தாள்.

மருமகன்: அது ஒத்தி. இது வாடகை மாதிரி. கடைசியில் காரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மாமா: பணமும் போச்சு, காரும் போச்சு!

(தேயிலை எடை போட்ட சீட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதுகிறார்.)

மாமா: 48 மாதம்... 11,52,000. இலை கிலோ 20 ரூபாய் என்றே வை. மாதம் 1,200 கிலோ பறிக்கணும். நம் செடிக்கு அது தெரியுமா?

மருமகன்: முழுசாகக் கேளுங்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே. ஆபீஸ் வழியாக எடுத்தால் வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். வரி கொஞ்சம் குறையும். அப்புறம், விற்கிற தலைவலி இல்லை. உங்கள் ஜீப்பை எத்தனை வருடமாக விற்கிறீர்கள்?

மாமா: ஏழு. வாங்குகிறவனுக்கு ஒரு தகுதி வேண்டாமா?

மருமகன்: ஒரே ஒரு விஷயம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர்தான். தாண்டினால் தனியாகக் கட்டணும்.

மாமா: வாரம் ஒரு தடவை கோவை போய் வந்தாலே ஏழாயிரம் சொச்சம். மிச்சத்துக்குள் உன் அத்தைக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையெல்லாம் அடங்காதே.

(உள்ளே அத்தை இருமுகிறார். அது சளி இல்லை.)

மருமகன்: திருப்பிக் கொடுக்கும்போது வண்டியைப் பார்ப்பார்கள். நியாயமான தேய்மானம் என்றால் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் என்றால் பணம்.

மாமா: எது நியாயம் என்று யார் சொல்வது?

மருமகன்: லீஸ் கம்பெனிக்காரர்கள்தான்.

மாமா: கீழே சமவெளியில் உட்கார்ந்துகொண்டா? இங்கே எதிரே பஸ் வந்தால் வண்டியைத் தேயிலைச் செடிக்குள் சொருக வேண்டியிருக்கிறது. ராத்திரி காட்டுமாடு வந்து கதவில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனால்?

மருமகன்: இன்சூரன்ஸ்.

மாமா: கிளட்ச்? கொண்டை ஊசி முழுக்க அரைக் கிளட்சிலேயே ஏறுவாய். நீ வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிகிறது.

மருமகன் (போனில் தேடி, குரல் இறங்கி): கிளட்ச், டயர், பிரேக் பேட் நம் செலவாம்.

மாமா: மலையில் எதெது தேயுமோ அதெல்லாம் உன் தலையில்! வண்டி யார் பேரில்?

மருமகன்: லீஸ் கம்பெனி பேரில். சென்னைப் பதிவு.

மாமா: டி.என். 43, நம் நீலகிரிப் பதிவு இல்லையா? கல்லட்டி மலைப்பாதையில் இறங்க விடமாட்டான். 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிக்கு இ-பாஸ் வேறு. எதற்கு வருகிறாய் என்று கேட்டால், மாமாவிடம் திட்டு வாங்க என்று போடு.

மருமகன்: உள்ளூர்க்காரன் என்று காட்டி பாஸ் வாங்கிக்கொள்வேன். லீஸை நடுவில் விட்டாலும் அபராதம் உண்டு என்று சொன்னால் இன்னும் கத்துவீர்கள்.

மாமா: கத்தவில்லை. கடனில் வாங்கு. கட்டி முடித்தால் வண்டியாவது உன்னுடையது.

மருமகன்: கட்டி முடித்து, அதற்கப்புறமும் வைத்திருந்தால் அது உங்கள் ஜீப் மாதிரி ஆகிவிடும்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. மூடுபனியில் ஜீப்பும் தெரியவில்லை.)

மருமகன்: அது இருக்கட்டும். நாளை குன்னூரில் சிநேகிதன் கல்யாணம். ஜீப் கிடைக்குமா?

மாமா (சீட்டில் எழுதியபடி): 40 கிலோமீட்டர். டீசல் உன்னுடையது. புதுக் கீறல் இருந்தால் பணம்.

மருமகன்: ஹேண்ட் பிரேக் பிடிக்கவே இல்லையே?

மாமா: அது நியாயமான தேய்மானம். கல்லையும் எடுத்துக்கொண்டு போ. திரும்பி வரும்போது எண்ணிப் பார்ப்பேன்.